ஒயின்ஷாப்பில் ஒயின் கேட்டவன்

“ஒயினுங்களா?” கடைக்காரர் இன்னொரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டார். “ஏனுங்க, வீட்டுல ஆருக்காச்சும் ஒடம்புக்குச் சேரலீங்களா?”

கோயம்புத்தூரில் ஒரு எலைட் கடை, டாஸ்மாக்கில் உசத்திச் சரக்கு விற்கிற இடம். சித்திரை வெயில். மதியம் 12 மணிக்குக் கதவு திறந்த கையோடு நானும் மச்சானும் உள்ளே நுழைந்திருந்தோம். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனது. தனியார் கடைகளின் ஒயின்ஷாப் போர்டு போனாலும் பேர் மட்டும் ஜனங்கள் வாயை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் ஆட்டோக்காரர் வழி சொன்னால் “ஒயின்ஷாப்பத் தாண்டி லெப்ட்டு”தான். அந்த ஒயின்ஷாப்பில் பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், கூலிங் பீர் கிடைக்கும். ஒயின் கேட்கிறவனுக்குத்தான் ஏதோ வைத்தியக் காரணம் இருந்தாக வேண்டும்.

“ருசி பாத்துட்டு வாங்கலாமுங்களா?” என்று மச்சான் குறும்புக்குக் கேட்டான். அவர் சிரித்த சிரிப்பில் பின்னால் வரிசையில் நின்றவரும் சேர்ந்துகொண்டார்.

மச்சானுக்குப் பெங்களூரில் வேலை. நாசிக் வரை போய் வந்தவன். அங்கே சூலா என்கிற ஒயின் கம்பெனியின் தோட்டத்தில் 2005லிருந்தே ருசி பார்ப்பதற்கென்று ஒரு கூடம் இருக்கிறது. காசு கட்டினால் வரிசையாக கிளாஸ் வைத்து ஒவ்வொரு வாய் ஊற்றித் தருவார்கள், துப்புவதற்கு ஒரு பாத்திரமும் உண்டு. காசு கொடுத்துக் குடித்ததை எதற்குத் துப்புவது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஐந்தாவது கிளாஸுக்கு நாக்கு வேலை செய்ய வேண்டுமே என்றான்.

கடைக்காரர் மேல்தட்டிலிருந்து மூன்று பாட்டில்களை இறக்கி, துணியால் துடைத்து வைத்தார். நாசிக் பக்கத்து செனின் பிளாங்க், வெள்ளை. நந்தி மலைப் பக்கத்து கேபர்னே ஷிராஸ், சிவப்பு. மூன்றாவது, போர்ட் வகைத் தித்திப்பு ஒயின். “கிறிஸ்துமஸுக்கு இதைத்தானுங்க கேட்டு வாங்கிட்டுப் போவாங்க” என்று அவராகவே அதை முன்னால் நகர்த்தினார். அவருடைய சிபாரிசு அது ஒன்றுதான். நாங்கள் மூன்றையும் வாங்கிக்கொண்டோம். கடையில் ருசி பார்க்க முடியாவிட்டால் என்ன, மாமாவின் தோட்டம் இருக்கிறது.

பேரூர் வழியாகப் போனோம். இந்த இடத்தில் ஒரு தப்புப் பண்ணினேன். பேரூரில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று காரை வெயிலில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். பாட்டில்கள் டிக்கியில். அதன் பலன் சாயங்காலம் தெரிந்தது.

நொய்யல் பாலத்தில் தண்ணீர் இல்லை, ஆகாயத்தாமரை இருந்தது. இதே ஆறு கீழே போகிற வழியில் வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன, இன்னும் கிழக்கே கொடுமணலில் மணிகளும் பானை ஓடுகளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக யவனர் வணிகம் புழங்கிய தடம். அந்தக் காலத்தில் யவனர் தேறல், அதாவது அவர்கள் கொண்டுவந்த ஒயின், குடித்தவர்கள் பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் ஒடம்புக்குச் சேரலையா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாதம்பட்டி தாண்டினால் வெள்ளியங்கிரி மலை கிட்டத்தில் வந்துவிடும். மாமாவுக்கு ஒரு காலத்தில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை. இப்போது ஒரு ஏக்கர்தான், மீதியெல்லாம் பாக்கு. பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும், ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் வரும், ஆள் கிடைக்காது, போதாததற்கு ராத்திரியில் மலையிலிருந்து யானை இறங்கும். கல்தூணும் கம்பியுமாகப் பந்தல் நின்றது. கவாத்து அடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. குச்சி குச்சியான கொடியில் கணுவுக்குக் கணு பச்சையாக மொக்கு விட்டிருந்தது.

“பன்னீர்லயே ஒயின் போட்டா என்ன மாப்ள?” என்றார் மாமா. பல வருஷமாக அவர் மனசில் இருந்த கேள்வி போல.

மச்சான் விளக்கினான். ஒயினுக்குப் போடுகிற பழம் சின்னது, தோல் தடிமன், சதையைவிட விதைதான் தெரியும். சிவப்பு ஒயினை அந்தத் தோலோடுதான் நொதிக்க விடுவார்கள். நிறமும் துவர்ப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. சாற்றில் இனிப்பு 22, 24 பிரிக்ஸுக்கு (சர்க்கரையை அளக்கிற கணக்கு அது) ஏறும் வரை கொடியிலேயே விடுவார்கள், அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது. நம் பன்னீரை அதற்கு முன்பே வெட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். உலகம் முழுக்க அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பேர், வாசனைக்குக் குறைவில்லை, தோல்தான் மெல்லிசு. மாமா பாதிதான் காதில் வாங்கினார். “2023ல கம்பத்துப் பன்னீருக்கு என்னமோ புவிசார் குறியீடெல்லாம் குடுத்துட்டாங்க, நம்முளுதக் கேக்க ஆளில்ல” என்பது அவர் கவலை.

பொழுதோடே வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்தோம். மச்சான் கொண்டுவந்த ஒயின் கிளாஸ் இரண்டு, மீதிக்கு ஜூஸ் குடிக்கிற கண்ணாடி டம்ளர். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும், மேலே இருக்கிற காலி இடம் வாசனைக்கு. நிறம் பார்க்க வெள்ளைத் துணி வேண்டுமென்றான். மாமா தன் வேட்டி மடிப்பை முழங்காலில் விரித்துக் காட்டினார். சாய்த்துப் பிடித்த கிளாஸில் செனின் பிளாங்க் வைக்கோல் நிறத்தில் இருந்தது. சுழற்றி மூக்கை விட்டு, ஒரு வாய் வைத்து, நாக்கு முழுக்க ஓட விட்டு, கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுக்க வேண்டும். மாமா இழுத்த சத்தத்துக்குக் கட்டுத்தறியில் இருந்த மாடு திரும்பிப் பார்த்தது.

எனக்கு எலுமிச்சை தெரிந்தது, மச்சான் ஏதேதோ பூப்பேர் சொன்னான். அத்தை குடிக்கவில்லை. என் கிளாஸை வாங்கி ஒரே தடவை மோந்து பார்த்துவிட்டு, “கொய்யாப்பழத்த அரிசிப்பானைக்குள்ள போட்டு மூடி வெச்சாப்ல இருக்குது கண்ணு” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார். மறுபடி மோந்து பார்த்தேன். கொய்யாதான். அப்புறம் வேறெதுவும் தெரியவே இல்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றுகிறது. நடுவில் வாய் கொப்பளிக்க மச்சான் கொண்டுவந்த சொம்பை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “இது போர் தண்ணி, சிறுவாணி அந்தக் குடத்துல இருக்குது” என்று மாமா திருப்பிக் கொடுத்தார். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீருக்கும் பில்லூர்த் தண்ணீருக்கும் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தண்ணீரிலேயே ருசி பிரிக்கிற நாக்குக்கு ஒயின் என்ன பெரிய விஷயம்?

சிவப்பைத் திறந்தபோதுதான் என் தப்பு வெளியே வந்தது. கார்க் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. முகர்ந்தால் பழ வாசனைக்குப் பதிலாகக் காய்ச்சின ஜாம் வாசனை. டிக்கிச் சூட்டில் ஒயின் வெந்துவிட்டது. வெள்ளை எப்படித் தப்பித்ததென்று தெரியவில்லை, சாப்பாட்டுப் பையின் அடியில் கிடந்த புண்ணியமாக இருக்கலாம். வாசனைதான் போனதே தவிர, துவர்ப்பு அப்படியே இருந்தது. “பச்சப்பாக்கு மென்னாப்ல நாக்கப் புடிக்குது” என்றார் மாமா. டானின் என்று மச்சான் இழுத்து இழுத்து விளக்கிக்கொண்டிருந்ததை மாமா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பாக்கிலும் இருப்பது அதேதான்.

அத்தை பள்ளிபாளையம் சிக்கன் கொண்டுவந்து வைத்தார். வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் சின்ன வெங்காயமும், வேறு மசாலா கிடையாது. சிக்கனுக்கு மேல் சிவப்பு ஒயின் ஒரு வாய் வைத்தேன். காரம் இரண்டு மடங்காக ஏறி, காது வரை சுட்டது. ஆல்கஹாலும் துவர்ப்பும் சேர்ந்து மிளகாயைத் தூண்டிவிடும். அதே சிக்கனோடு குளிர்ந்த செனின் பிளாங்க் ஒரு மடக்கு விட்டால், அதில் மிச்சமிருக்கிற லேசான தித்திப்பு எரிச்சலை அடக்கி, தேங்காயை முன்னால் கொண்டுவருகிறது. கொங்கு நாட்டுக் கறிச்சோற்றுக்கு ஒரே ஒரு பாட்டில் வாங்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். முதல்நாளே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், வருஷத்தைப் பார்த்து ஆகப் புதுசாக எடுங்கள். திருகு மூடி என்றால் மட்டமில்லை, கார்க்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், அவ்வளவுதான். சிவப்பு வாங்கினால் கறியில் காரத்தைக் குறைத்து, நல்லமிளகைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதையும் அரை மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற அறைச் சூடு 16, 18 டிகிரி. நம் ஊர்ச் சித்திரையில் அது எந்த வீட்டு அறையில் இருக்கிறது?

கடைசியாக, கடைக்காரர் சொன்ன போர்ட். தனியாகக் குடித்தால் இருமல் மருந்து ஞாபகம்தான். கடலை உருண்டையைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்ததும் வறுத்த கடலையும் வெல்லமும் அதோடு போய் ஒட்டிக்கொண்டன. அவரைக் குறைவாக எடை போட்டுவிட்டேன். அத்தை செய்திருந்த ஒப்பட்டோடு (போளிதான்) சரிப்படவில்லை, பலகாரத்தின் தித்திப்பு ஒயினைவிட ஒரு படி மேலே போய்விட்டால் ஒயின் புளித்துவிடுகிறது.

ராத்திரி அங்கேயே தங்கிவிட்டோம். யானை வரவில்லை. காலையில் கிளம்பும்போது மாமா பந்தலுக்கு அடியில் நின்று மொக்கு எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஆடி கடைசில பழம் வந்துரும், அப்ப வா மாப்ள” என்றார். “அந்த வெள்ளயில ஒண்ணு வாங்கியா. மடியில வெச்சுட்டு வா, டிக்கில போட்றாத.”