மாத்திரைப் பெட்டிக்குள் ஓர் உறக்கச் சாமி

குலசேகரம் பக்கம் மருந்துக்கடை வேலை. மழை விட்டுப் பனி தொடங்கினால் சளி மாத்திரைதான் அதிகம் போகும். வாங்க வருகிறவர்களில் நிறையப் பேர் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். பால் நன்றாக ஓடும் நேரம் பார்த்து, விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டம் ஏறுகிறவர்கள். விலை கேட்கும் முன்பே அவர்கள் கேட்பது இதைத்தான்: “மக்களே, இத தின்னா ஒறக்கம் வருமா?”

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இதற்குப் பதில் உண்டு. பொடி எழுத்தில், பக்கவிளைவு வரிசையில், ‘சோம்னொலன்ஸ்’. ஆளில்லாத ஒரு மத்தியானம் அது என்னவென்று தேடினேன். உறக்கக் கலக்கம்தான். லத்தீனில் சோம்னுஸ் என்றால் உறக்கம்; ரோமர்களுக்கு அதே பெயரில் ஓர் உறக்கச் சாமியும் உண்டு. வெயில் படாத குகையில் படுத்திருப்பாராம், வாசலில் கசகசாச் செடிகள் பூத்திருக்குமாம். கசகசாக் காயின் பால்தானே அபின்! அவர் மகன் மார்ஃபியஸ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்ஃபின் என்ற வலி மருந்தைப் பிரித்தெடுத்த ஜெர்மானியர் செர்ட்யூர்னர், அந்த மகன் பெயரைத்தான் அதற்கு வைத்தார். அவரும் மருந்துக்கடையில் நின்றவர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

சரி, பால் வெட்டுகிறவருக்குச் சாமி கதை எதற்கு? உருப்படியாகக் கிடைத்தது வேறு. அலர்ஜியில் தும்மலும் மூக்கொழுகலும் வரவைக்கிற ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்பாகவும் வைத்திருக்கிறது. சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கிற குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை மாத்திரைகள் மூளைக்குள்ளும் புகுந்து அதைத் தடுத்துவிடும். செட்ரிசின் குறைவாகப் புகும், என்றாலும் சிலருக்குத் தலை தொங்கும். ஃபெக்சோஃபெனடின் ஏறக்குறையப் புகுவதே இல்லை.

“ராத்திரி தின்னா காலையில தெளிஞ்சிரும்” என்று பலரும் சொல்வதுண்டு. குளோர்பெனிரமினுக்கு அது பொருந்தாது. இரவு 9 மணிக்கு விழுங்கியது, 3 மணிக்கு எழும்பும்போதும் பாதிக்கு மேல் உடம்பில் இருக்கும். இருட்டில் பைக், கையில் கூரான வெட்டுக்கத்தி. அதனால் இப்போதெல்லாம் சீட்டை வாங்கியதும் என்ன வேலை, எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். தேவைப்பட்டால் டாக்டருக்கு ஒரு போன்; அவர் மாற்றிச் சொல்வார். பின்னால் நிற்கிறவர்களுக்குத்தான் இந்த விசாரணை பிடிப்பதில்லை. “என்ன மக்களே, மாப்பிள்ளை விசாரிக்கது மாதிரி கேக்கே?” என்று ஓர் அக்கா கேட்டேவிட்டார்.