ஐந்தாவது கட்டம்

கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் படித்துக் கணினியில் ஏற்றுவதுதான் 11 ஆண்டுகளாக என் வேலை. எண்பதுகளில் உக்ரைனின் கார்க்கிவ் நகரில் பொறியியல் படித்தேன். அப்போது கற்ற ரஷ்ய மொழிதான் ஓய்வுக்குப் பிறகு இந்த வேலையைத் தேடித் தந்தது.

ஸ்கேன் செய்து வரும் பக்கங்களில் பெரும்பாலானவை, நாஜிகளின் கொடுமைகளை விசாரிக்கச் சோவியத் அரசு 1942 நவம்பரில் அமைத்த ஆணையத்தின் பட்டியல்கள். ஜெர்மன் படை விரட்டப்பட்ட ஊர்களில் எஞ்சியிருந்தவர்களைக் கேட்டு எழுதியவை. காகிதப் பஞ்சத்தில் பள்ளி நோட்டுத் தாளில்கூட எழுதியிருப்பார்கள். குடும்பப் பெயர், பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, இனம், தொழில், முகவரி, எப்படி இறந்தார் என்று கட்டங்கள் ஓடும். ரஷ்யக் கையெழுத்தில் நான்கைந்து எழுத்துகள் ஒன்றுபோலச் சிறு கோடுகளாகத் தெரியும். ஒரே பெயரை அரை மணி நேரம் பெரிதாக்கிப் பார்த்த நாள்கள் உண்டு.

வீட்டில் ஹன்னாவாக இருந்த உக்ரைனியப் பெண், ரஷ்ய மொழியில் எழுதிய குமாஸ்தாவின் தாளில் அன்னா ஆகிவிடுவாள். மிகோலா நிகோலாய் ஆவான். யூதர்களின் பெயர்கள் இன்னும் சிக்கல். ஒரே மனிதர் வீட்டில் மோய்ஷே, அரசாங்கத் தாளில் மொய்செய், அண்டை வீட்டாருக்கு மிகயீல். தாளில் உள்ளதை உள்ளபடி எழுதி, மற்ற வடிவங்களைத் தனியே இணைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே தெருவில் ஒரே பெயரில் இருந்த இரண்டு பெண்களை ஒருவரென்று நினைத்து ஒரு பதிவை நீக்கிவிட்டேன். மாதங்கள் கழித்து வந்த வேறொரு பட்டியலில் இருவரும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தார்கள். இறந்துபோன ஒரே பாட்டியின் பெயரைச் சூட்டிக்கொண்ட பேத்திகளாக இருக்கலாம். யூதக் குடும்பங்களில் அது வழக்கம். பதிவை மீட்டுவிட்டேன். ஆனால் அவளை மறுபடி ஒருமுறை இல்லாமல் ஆக்கியது என் கைதான் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

என்னை அதிகம் அலைக்கழிப்பது இனத்துக்கான கட்டம். சோவியத் படிவங்களிலும் இனம் ஐந்தாவது வரியில்தான் வரும். ‘ஐந்தாவது கட்டம்’ என்றாலே யூதரைக் குறிக்கும் அளவுக்கு அது பேச்சில் ஊறியிருந்தது. 1941 டிசம்பரில் கார்க்கிவ் மக்களைப் பதிவு செய்த ஜெர்மானியர்கள், யூதர்களை மட்டும் தனியே மஞ்சள் தாள்களில் எழுதவைத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். டிசம்பர் 14 அன்று, யூதர்கள் அனைவரும் டிராக்டர் தொழிற்சாலைப் பகுதியில் இருந்த கொட்டகைகளுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கடுங்குளிரில் முதியவர்களும் குழந்தைகளும் நடந்து போனார்கள். அங்கிருந்து திரோபித்ஸ்கி யார் என்னும் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். சுமார் 15,000 பேர் என்பது கணக்கு.

போருக்குப் பின் அதே கட்டத்தை நினைவுச்சின்னங்கள் மறைத்தன. கீவ் நகரின் பாபின் யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாள்களில் 33,771 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களே தங்கள் அறிக்கையில் எழுதிய எண் இது. 1976இல் அங்கே எழுந்த சோவியத் சின்னத்தில் கீவ் நகரக் குடிமக்கள், போர்க் கைதிகள் என்று பொறித்தார்கள். யூதர் என்ற சொல் இல்லை. ஒரு காலத்தில் சாவுக்கு அனுப்பிய சொல் அது. இன்று அதை எழுதாமல் விட்டால் ஏன் செத்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும். விரல் தயங்கினாலும் எழுதுகிறேன்.

உக்ரைனியர் என்று எழுதும் பக்கங்களும் என்னை விட்டுப் போவதில்லை. செர்னிகிவ் பகுதியின் கோரியுகிவ்கா ஊரில் 1943 மார்ச் 1, 2 தேதிகளில் சுமார் 6,700 பேரைக் கொன்று வீடுகளைக் கொளுத்தினார்கள். ஜெர்மன் படைக்கு எதிராகச் சோவியத் கெரில்லாப் படை நடத்திய ஒரு தாக்குதலுக்குப் பழிவாங்கல். அந்த ஊரில் குடியிருந்ததே அவர்கள் செய்த குற்றம். இந்த இரண்டு சாவுகளையும் ‘அமைதியான சோவியத் குடிமக்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடியது இரு தரப்புக்கும் இழைத்த அநியாயம்.

குடும்பத்தோடு அழிந்துபோன வீடுகளுக்குப் பெயர் சொல்ல யாரும் இல்லை. பக்கத்து வீட்டாருக்கு நினைவிருந்ததுதான் பட்டியலில் நிற்கும்: ‘தையற்காரர், மனைவி, மூன்று குழந்தைகள்.’ பெயரில்லாத வரிகளைத் தாண்டிப் போகலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். தேடுகிறவர்கள் பெயரைக் கொண்டுதானே தேடுவார்கள் என்பது அவருடைய வாதம். நான் ஒப்பவில்லை. இரண்டு மாதம் கடிதம் எழுதி வாதாடிய பிறகு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி என்று முடிவானது. பெயர்க் கட்டம் காலி. தந்தை பெயர்க் கட்டத்தில் ‘தையற்காரர்’ என்று மட்டும்.

2022 மார்ச்சில் ரஷ்யக் குண்டுவீச்சில் திரோபித்ஸ்கி யாரின் மெனோரா விளக்குச் சின்னம் சிதைந்த செய்தியைப் படித்தேன். அந்த வாரம் என் மேசைக்கு வந்தவை கார்க்கிவ் பக்கங்கள். தெருக்களின் பெயர்கள் பலமுறை மாறியிருப்பதால் பழைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு முகவரியில் ஐந்து பேர். பாட்டி, தாய், மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை 1939இல் பிறந்தது. வரைபடத்தில் தெருவைத் தேடிப் பிடித்தபோது அந்தக் கட்டடம் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. ஐந்து ஆண்டுகள், பனிக்காலத்தில் டிராலிபஸ் வரும்வரை குளிருக்கு ஒதுங்கி நான் நின்றது அந்த வாசலில்தான்.