கஸ்டம் ரோம் போடுறதுக்கு முன்னாடி உங்க யூபிஐ எந்த போன்ல ஓடுதுன்னு பாருங்க

கஸ்டம் ரோம்னா கம்பெனி குடுத்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலா போடுற, வெளியாளுங்க செஞ்ச ஆண்ட்ராய்டு. பழைய போனுக்கு அதப் போடலாமான்னு கேக்குறவங்க எல்லாருமே அடுத்து கேக்குறது, "போன் செத்துருமா?" பத்து வருஷத்துக்கு முன்னாடி அது நியாயமான பயம். இப்ப போன் முழுசா சாகுறது கம்மி, செத்தாலும் பாதிக்கு மேல எழுப்பிரலாம். இன்னைக்கு நான் திருப்பிக் கேக்குற கேள்வி வேற: உங்க பேங்க் ஆப்பும் யூபிஐயும் இந்த போன்லதான் இருக்கா? ஆமான்னா போடாதீங்க. இல்ல, டிராயர்ல சும்மா கிடக்குற போன்னா தாராளமா போடுங்க, நான் கூட இருந்து சொல்லித் தர்றேன். ஏன் இப்படிச் சொல்றேன்னுதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஒரு போன உதாரணமா எடுத்துக்கறேன், ஷியோமியோட ரெட்மி நோட் 5 ப்ரோ. 2018 பிப்ரவரில இந்தியாவுல வந்துச்சு, ஸ்னாப்டிராகன் 636, 4000 எம்ஏஎச் பேட்டரி. நம்ம ஊர்ல எத்தன வீட்ல இது இருந்துச்சுன்னு சொல்லவே வேணாம். ரோம் போடுறவங்க இத வைரெட்னுதான் கூப்பிடுவாங்க, ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனிக்குள்ள ஒரு கோட்நேம் உண்டு, ரோம் தேடும்போது அந்தப் பேரு ரொம்ப முக்கியம், மாடல் பேரு ஒரே மாதிரி இருந்தாலும் கோட்நேம் மாறுச்சுன்னா அது வேற போன், அதோட ரோம் இதுக்கு ஆகாது. இந்த போன் ஆண்ட்ராய்டு 7.1ல வந்து 9 வரைக்கும் போய் நின்னுருச்சு. கம்பெனி கதை அவ்வளவுதான். ஆனா சம்பளம் வாங்காம ராத்திரி உக்காந்து கோட் எழுதுற பசங்க 10, 11, 12ன்னு ஏத்திக்கிட்டே போனாங்க. அந்த உழைப்ப நெனச்சா எனக்கு இன்னைக்கும் மரியாதையா இருக்கு.

இந்த மரபு பழசு. 2009ல ஸ்டீவ் கோண்டிக் ஆரம்பிச்ச சயனோஜன்மாட்ங்கற கஸ்டம் ரோம்ல இருந்து வந்தது, அது கம்பெனியாகி, 2014ல ஒன்பிளஸ் ஒன்லயும் அப்புறம் மைக்ரோமேக்ஸோட யூ யுரேகாலயும் டப்பாலயே வந்து, 2016 கடைசில மூடப்பட்டு, அதே கோட்ல இருந்து லீனியேஜ் ஓஎஸ் பொறந்துச்சு. கம்பெனி போச்சு, கோட் போகல.

சரி, செய்முறைக்கு வர்றேன். வால்யூம் டவுனும் பவரும் சேத்து அமுக்கிப் பிடிச்சா அந்தக் கால ஷியோமி போன்ல ஒரு படம் வரும், காது மறைக்கிற தொப்பி போட்ட முயல் ஒண்ணு ஆண்ட்ராய்டு பொம்மைய ரிப்பேர் பண்ணிட்டு இருக்கும், கீழ ஃபாஸ்ட்பூட்னு எழுதியிருக்கும், கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல இருந்து கமாண்ட் குடுக்கிற மோடு அது. அங்கதான் எல்லாமே ஆரம்பம். அதுக்கு முன்னாடியே பூட்லோடர, அதாவது ஆன் ஆகும்போது வேற சிஸ்டம் ஏறாம காவல் காக்குற பூட்ட, தொறக்க அனுமதி வாங்கணும்: உங்க ஷியோமி அக்கவுன்ட்ட போனோட இணைச்சு, அன்லாக் டூல்ல அப்ளை பண்ணி காத்திருக்கணும், நெறைய பேருக்கு 168 மணி நேரம்னு காட்டும், அதாவது ஒரு வாரம். அவசரக்காரங்க இதுலயே திட்டுவாங்க, ஆனா திருட்டு போன உடனே அழிச்சு விக்க முடியாம இருக்க இது ஒரு தடை. காத்திருப்பு முடிஞ்சு அன்லாக் பண்ணின அந்த நொடி போன்ல இருக்கிற அத்தனையும் அழிஞ்சிரும், போட்டோ, வாட்ஸாப், எல்லாம். இது பிழை கிடையாது, வேணும்னே அப்படித்தான் வெச்சிருக்காங்க, யாரோ உங்க போன எடுத்து அன்லாக் பண்ணினா உங்க டேட்டா அவங்க கைக்குப் போகக்கூடாதுன்னு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் லோகோவுக்குக் கீழ சின்னதா அன்லாக்ட்னு ஒரு எழுத்து நிக்கும். அத யாரும் பெருசா கவனிக்கிறதில்ல. ஆனா முழு விஷயமும் அந்தச் சின்ன எழுத்துலதான் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

செத்துருமான்னு கேட்டீங்களே, அதுக்கு ஒழுங்கா ஒரு பதில். ரோம் சரியா ஏறாம லோகோலயே சுத்திக்கிட்டு இருந்தா அது பூட்லூப், ரிக்கவரிக்குப் போய், அதாவது ஆண்ட்ராய்டு ஓடாமலே ரோம் ஏத்துற தனிப் பகுதிக்குப் போய், வேற ரோம் போட்டா போச்சு. உண்மையான ஆபத்து ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு ஆன்ட்டி ரோல்பேக். 2018ல ஷியோமி இத வைரெட்டுக்குக் கொண்டு வந்தாங்க, போனுக்குள்ள ஒரு எண் எழுதி வெச்சிரும், அதவிடக் குறைஞ்ச எண் இருக்கிற பழைய மியூஐய (ஷியோமியோட சொந்த ஆண்ட்ராய்டு) ஃப்ளாஷ் பண்ணினா, அதாவது ஏத்தினா, போன் கருங்கல், ஃபாஸ்ட்பூட்கூட வராது. அந்த சமயத்துல பழைய வெர்ஷனுக்கு இறங்கலாம்னு போன நெறைய பேரு மாட்டினாங்க. எழுப்பணும்னா பின்பக்க மூடியக் கழட்டி, போர்டுல ரெண்டு புள்ளிய ட்வீசரால தொட வெச்சு ஈடிஎல்ங்கற சிப்போட அவசர மோடுக்குக் கொண்டு போகணும், அதுக்கும் கம்பெனி அனுமதிச்ச அக்கவுன்ட் கேக்கும், அந்த அக்கவுன்ட் சர்வீஸ் சென்டர்காரங்ககிட்டதான் இருக்கும். இது எதுவும் தேவையில்லாம, ஃப்ளாஷ் பண்றதுக்கு முன்னாடி ஃபாஸ்ட்பூட்ல ஒரே ஒரு கமாண்ட் குடுத்தா அந்த எண்ணக் காட்டிரும். ஒரு நிமிஷ வேலை.

இன்னொண்ணு ஐஎம்ஈஐ, ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற தனி அடையாள எண். நெட்வொர்க் சம்பந்தமான தகவல் எல்லாம் ஈஎஃப்எஸ்னு ஒரு பகுதில இருக்கு, சென்சார், கைரேகை அளவீடெல்லாம் பர்சிஸ்ட்ல. இது உங்க போனுக்கே உரியது, நெட்ல டவுன்லோட் பண்ணிப் போட முடியாது. தப்பான ஃபைல் ஏறி அது அழிஞ்சா சிம் போட்டும் டவர் வராது. அப்புறம் யாரோ ஒருத்தன் "ஐஎம்ஈஐ எழுதித் தர்றேன்"னு வருவான், அவன்கிட்ட போகாதீங்க, ஐஎம்ஈஐய மாத்துறது நம்ம நாட்டுல குற்றம். டிடபிள்யூஆர்பிங்கற கஸ்டம் ரிக்கவரிய ஏத்தின உடனே முதல் வேலையா இந்த ரெண்டையும் பேக்கப் எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டு வைங்க, ரோம் அப்புறம் போட்டுக்கலாம்.

ரூட் பண்றதையும் ரோம் மாத்துறதையும் ஒண்ணாக் கொழப்பிக்கிறாங்க, அதனாலயே பாதிப் பிரச்சனை. ரோம் மாத்தினா போன்ல ஓடுற ஆண்ட்ராய்டு மாறுது, அவ்வளவுதான், ஆப்புக்கெல்லாம் அதே வேலிதான் இருக்கும். ரூட் பண்ணினா வேலியத் தாண்டிப் போற சாவிய நீங்க வெச்சிருக்கீங்க, நீங்க "அலோ" அமுக்குற எந்த ஆப்புக்கும் அந்த சாவி போகும். 2009 நவம்பர்ல ஆஸ்திரேலியாவுல ஜெயில்பிரேக் பண்ணின, அதாவது ரூட் மாதிரியே வேலியத் தொறந்த ஐபோன்கள்ல ஐகீன்னு ஒரு வார்ம் (தானாப் பரவுற வைரஸ் மாதிரி) பரவுச்சு, வெளிய இருந்து போனுக்குள்ள நுழைய விடுற எஸ்எஸ்எச் போட்டுட்டு அதோட வந்த பாஸ்வேர்ட மாத்தாம விட்டவங்க போன்லதான் அது புகுந்துச்சு, வால்பேப்பர மட்டும் மாத்திட்டுப் போச்சு. அதே மாசமே இன்னொருத்தன் அதே ஓட்டை வழியா நெதர்லாந்துல ஒரு பேங்க் வாடிக்கையாளர்களக் குறிவெச்சு வேற வார்ம் விட்டான். கதவு ஒண்ணுதான், மொதல்ல விளையாட்டுக்காரன் வந்தான், அடுத்து திருடன் வந்தான். எனக்கு ரூட் தேவைப்படுற வேலை இப்ப எதுவுமே இல்ல. விளம்பரம் தடுக்க செட்டிங்ஸ்ல இருக்கிற பிரைவேட் டிஎன்எஸ் போதும், அது ஆண்ட்ராய்டு 9லயே வந்துருச்சு. கால் ரெக்கார்ட், ஃபான்ட் மாத்துறது, இதுக்காகவெல்லாம் ரூட் பண்ணாதீங்க.

அதவிட மோசமான பழக்கம் ஒண்ணு இருக்கு. டெலிகிராம் குரூப்ல ரோம் போடச் சொல்லித் தர்றப்பவே டிஎஃப்ஈன்னு ஒரு ஜிப் ஃபைலயும் சேத்து ஃப்ளாஷ் பண்ணச் சொல்வாங்க, என்க்ரிப்ஷன, அதாவது டேட்டாவ சங்கேதமாப் பூட்டி வைக்கிறத, அணைச்சு வைக்கிற ஃபைல் அது. ரோம் மாத்தி மாத்திப் போடுறவனுக்கு அது வசதி. ஆனா பூட்லோடரும் தொறந்து, என்க்ரிப்ஷனும் இல்லன்னா, போன் தொலஞ்ச அன்னைக்கு எடுத்தவன் ரிக்கவரிக்குப் போய் உங்க போட்டோ மொத்தத்தையும் கேபிள் போட்டு இழுத்துக்கலாம், உங்க பின் நம்பர் எதுக்குமே ஆகாது. தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க.

இப்ப அந்த அன்லாக்ட்ங்கற எழுத்துக்கு வர்றேன். எங்க அத்தை பையன் போன மாசம் போன் பண்ணினான்.

"அண்ணே, ரோம் சூப்பரா ஓடுது, ஆனா பேங்க் ஆப் மட்டும் ஓப்பன் ஆக மாட்டேங்குது."

"ரூட் பண்ணியாடா?"

"இல்லண்ணே, சத்தியமா இல்ல. ரோம் மட்டும்தான்."

அவன் சொன்னது உண்மைதான். ரூட் இல்லாமலே அந்த ஆப் தொறக்காது. முன்னாடி சேஃப்டிநெட்னு இருந்துச்சு, இப்ப அதுக்குப் பதிலா ப்ளே இன்டெக்ரிட்டி, ஆப் போய் கூகுள்கிட்ட "இந்த போன நம்பலாமா"ன்னு கேக்கும், பூட்லோடர் தொறந்திருந்தா நம்பாதேன்னு பதில் வரும். அந்தப் பதில வெச்சு தொறக்கறதா வேணாமான்னு முடிவு பண்றது ஆப் எழுதினவங்க. சில ஆப் கண்டுக்காது, சிலது வாசல்லயே நிறுத்திரும், இன்னைக்கு ஓடுறது அடுத்த அப்டேட்ல நிக்கும். இதத் தாண்டுறதுக்கு ரூட் பண்ற மேஜிஸ்க் ஆப்ல மாட்யூல் இருக்கு, போன் அசல்னு காட்டுற கீபாக்ஸ் ஃபைல், எங்கிருந்தோ கசிஞ்சதப் போட்டு ஏமாத்தலாம், கூகுள் அந்தக் கீபாக்ஸ ரத்து பண்ணும், திரும்ப அடுத்தது தேடணும். கல்யாண மண்டபத்துல மொய் எழுதுற எடத்துல நின்னுக்கிட்டு ஆப் ஓப்பன் ஆகலன்னா என்ன பண்றது, ராத்திரி ஆஸ்பத்திரில பணம் கட்ட நிக்கிறப்ப ஓப்பன் ஆகலன்னா? யூபிஐ சிம்மோட கட்டிப் போட்டது, வேற போன்ல மாத்தணும்னா எஸ்எம்எஸ் போய் திரும்பப் பதிவு பண்ணணும். நம்ம நாட்டுல டீக்கடைல இருந்து எல்லாம் அதுலதான் போகுது. இந்த ரிஸ்க்க ரோம் குடுக்கிற சந்தோஷத்தோட தராசுல வெச்சா மெயின் போனுக்குக் கணக்கு சரியா வரல.

இதுல எனக்கு உண்மையாவே கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. கம்பெனி கைவிட்டு வருஷக்கணக்கா ஒரு பாதுகாப்பு அப்டேட்டும் வராத ஆண்ட்ராய்டு 9 போன், பூட்லோடர் மூடியிருக்கிற ஒரே காரணத்துக்காக அந்தப் பரிட்சையில பாஸ் ஆகுது. அதே மாடல்ல போன மாச பேட்ச் வரைக்கும் போட்டு சுத்தமா வெச்சிருக்கிற போன் ஃபெயில். இந்த மாதிரி பழைய ஆண்ட்ராய்டுல மூடியிருக்கான்னு மட்டும் பாக்குறாங்க, உள்ள ஓட்டை இருக்கான்னு பாக்கல. மூணு வருஷத்துல போன கைவிடுற கம்பெனிக்கு ஒரு தண்டனையும் இல்ல, அத உயிரோட வெச்சிருக்கிறவனுக்கு மட்டும் கதவு சாத்துறாங்க. பூட்லோடர் மூடி இருக்கிறது தேவையில்லன்னு நான் சொல்லல, சிஸ்டத்த யாரும் மாத்தலன்னு ஆன் ஆகும்போதே சோதிக்கிறது நல்ல ஏற்பாடுதான். ஆனா பேட்ச் எப்ப போட்டதுன்னும் சேத்துப் பாத்தாதான் அது பாதுகாப்பு.

இந்தப் பக்கமும் ஒரு உண்மையச் சொல்லிரணும். ரோம்ல செட்டிங்ஸ்ல போய் பாத்தா செக்யூரிட்டி பேட்ச் போன மாசத் தேதி காட்டும், அது ஆண்ட்ராய்டோட மேல் பகுதிக்கு மட்டும்தான். மோடம், ஜிபியு மாதிரி சிப் கம்பெனியோட மூடின ஃபைல்கள் எல்லாம் கம்பெனி கடைசியா குடுத்த நாள்லயே நிக்கும், அத ரோம் எழுதுறவங்களால தொட முடியாது. வைரெட்டோட கெர்னல், அதாவது ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுற லினக்ஸ், 4.4, அந்த வரிசைக்கு லினக்ஸ் தரப்புல ஆதரவு 2022 பிப்ரவரியோட முடிஞ்சுது. அதனால ரோம் போட்டா புது போன் மாதிரி பத்திரம்னு நெனச்சுக்காதீங்க, கம்பெனி குடுத்த ஸ்டாக்க விட நல்லது, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் போடணும்? எங்க வீட்டு வைரெட்ட வந்து பாருங்க. கூகுள் ஆப் எதுவும் போடல, எஃப்டிராய்டுங்கற ஓப்பன் சோர்ஸ் ஆப் ஸ்டோர்ல இருந்து நாலஞ்சு ஆப். மேல ரிமோட் சிக்னல் அனுப்புற ஐஆர் இருக்கிறதால டிவி, ஏசி ரெண்டுக்கும் அதுதான் ரிமோட். சமையலறைல பாட்டு அதுலதான் ஓடுது, பொண்ணு அதுல பிடிஎஃப் படிக்கிறா, நோட்டிஃபிகேஷனும் இல்ல, விளம்பரமும் இல்ல. ஸ்டாக் சாஃப்ட்வேர்ல இருந்தப்ப கான்டாக்ட் தொறக்கறதுக்குள்ள மூச்சு வாங்கின போன், இப்ப தொட்டா தொறக்குது. அதே சிப், அதே ரேம். மேல ஏத்தி வெச்சிருந்த சுமைய இறக்கினதும் உள்ள இருந்த போன் வெளிய வந்துச்சு, அத நேர்ல பாத்தவங்க யாரும் பழைய போன எக்ஸ்சேஞ்ச்ல எட்டுநூறு ரூபாய்க்குத் தள்ளி விட மாட்டாங்க. பேட்டரி மட்டும் பாத்துக்கங்க, பின்பக்கம் லேசா உப்பியிருந்தாலும் ரோம் அப்புறம், முதல்ல பேட்டரிய மாத்துங்க.

சிம் போட்டுப் பயன்படுத்தறதா இருந்தா ரோம் குறிப்புல வோல்ட்டி (4ஜி வழியா கால் பேசுறது) வேலை செய்யுதான்னு பாருங்க. ஜியோல கால் பேசுறதே வோல்ட்டி வழியாத்தான், அது இல்லாத ரோம்ல நெட் வரும், கால் வராது.

அடுத்து புது போன் வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. கேமரா மெகாபிக்ஸல் பாக்குற அதே நேரத்துல அந்தக் கம்பெனி பூட்லோடர தொறக்க விடுதான்னும் தேடிப் பாருங்க. ஹுவாவே 2018லயே அன்லாக் கோட் குடுக்கறத நிறுத்திட்டாங்க. சாம்சங்ல அன்லாக் பண்ண விடுற மாடல்ல வேற சாஃப்ட்வேர் ஏத்தினா நாக்ஸ்னு ஒரு ஃபியூஸ் எரியும், திரும்ப ஸ்டாக்குக்கே வந்தாலும் செக்யூர் ஃபோல்டர் வராது. கூகுளோட பிக்சல்ல கிராஃபீன் ஓஎஸ்ங்கற கஸ்டம் ரோம் போட்டு அதோட சாவியிலயே பூட்லோடர மறுபடி பூட்ட முடியும், பிக்சல் 8ல இருந்து கூகுளே ஏழு வருஷம் அப்டேட் தர்றதா சொல்லியிருக்காங்க, சாம்சங்கும் எஸ் 24ல அதே ஏழு வருஷத்தச் சொன்னாங்க. அத்தன வருஷம் கம்பெனியே பாத்துக்கிற போன்ல நீங்க கை வைக்க வேண்டிய அவசியமே வராது. ரெண்டு வருஷம்தான் தர்றாங்கன்னா, பூட்லோடர் தொறக்கிற மாடலா பாத்து வாங்குங்க.