கிழக்குக் கரையோரம் ஒரு சுற்று

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கரையோரமாகவே போனோம். மட்டக்களப்புக் கோட்டை சின்னதுதான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியதை 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள்.

திருகோணமலையில் உள்ள பிரெட்ரிக் கோட்டை வேறு ரகம். கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் வைத்துக் கட்டியது. இப்போது உள்ளே இராணுவமும் இருக்கிறது, புள்ளிமான்களும் இருக்கின்றன. மான்களுக்குத்தான் அதிகாரம் கூட!

அப்புறம் நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில்தான் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இங்கே அதிகாரிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். வயதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் நகர மறுக்கிறது. கோட்டைகளைவிட இங்கேதான் அதிக நேரம் நின்றோம். படங்கள் நாளைக்கு.