ஷெல் ஸ்கிரிப்டிங் தாள்: மாறி வகையையும் அணியையும் நான் படித்த விதம்

பிற மொழிகளில் பழகிய முழு எண், தசமம், எழுத்து என்ற வகைப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் இந்தப் பாடத்தைத் தொடங்கினேன். பாஷ் என்பது நாம் தரும் கட்டளைகளை இயக்கும் ஒரு ஷெல் நிரல். அதில் மாறிக்குள் இருப்பது அடிப்படையில் எழுத்துச் சரம், அதாவது எழுத்துகளின் வரிசை. நாம் வகை என்று சொல்வது, டிக்ளேர் (declare) கட்டளை மாறியின் பெயருக்குத் தரும் பண்பு. இது பிடிபட்டால் 'வெளியீடு என்ன?' வகை வினாக்கள் மிரட்டாது.

மாறியில் 5 இருக்கிறது. கூட்டல்-சமக்குறியால் 3 சேர்த்தால் 53 வரும். டிக்ளேரோடு சேர்க்கும் சிறிய 'ஐ' (-i) விருப்பத்தோடு முன்பே முழு எண்ணாக அறிவித்திருந்தால் 8. அந்த முழு எண் மாறிக்கு 08 கொடுத்துப் பாருங்கள், பிழை வரும். முன்னால் சுழியம் இருந்தால் எண்ம முறை, அதாவது 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள் கொண்ட முறை. அதில் 8 என்ற இலக்கமே கிடையாது. தேர்வாளர்களுக்கு இது மிகவும் பிடித்த வினா என்பது என் சந்தேகம்.

ஒரே பெயரில் பல மதிப்புகளை வைக்கும் அணிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இடத்தை எண்ணால் குறிக்கும் எண் சுட்டு அணிக்கு அறிவிப்பு கட்டாயமில்லை. சொல்லையே சாவியாகக் கொள்ளும் அணிக்குப் பெரிய 'ஏ' (-A) விருப்பத்தோடு அறிவிப்பு இருந்தே தீர வேண்டும். அதை விட்டுவிட்டு லீஃப் என்ற சாவியில் கிரீன், ஸ்கை என்ற சாவியில் புளூ என்று எழுதிப் பாருங்கள். ஷெல் வாய் திறக்காது. டிக்ளேரை, மாறியில் உள்ளதைக் காட்டும் 'பி' (-p) விருப்பத்தோடு இயக்கினால் சுழியம் இடத்தில் புளூ மட்டும் தெரியும். அடைப்புக்குள் இருப்பதை ஷெல் கணக்கீடாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெயர்களில் மாறி இல்லாததால் இரண்டுமே 0 ஆகி, பின்னது முன்னதை அழித்துவிடுகிறது. 'அறிவிப்பு ஏன் தேவை?' என்ற விரிவான வினாவுக்கு இந்தக் காரணத்தையே எழுதுங்கள்: சுட்டு கணக்கா, சரமா என்று ஷெல்லுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வரையறையை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டில் பயிற்சி செய்பவர்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாவி அணி 2009இல் வந்த பாஷ் 4.0இல்தான் சேர்ந்தது. மேக் கணினியோடு வருவது 3.2, அங்கே பெரிய 'ஏ' செல்லாது. இன்னொரு ஷெல்லான இசட் ஷெல்லில் (zsh) சுட்டு இயல்பாக 1இலிருந்து தொடங்கும், பாஷில் 0. வினாவில் போசிக்ஸ் ஷெல் (ஷெல்களுக்கான பொதுத் தரம்) என்று இருந்தால் அணியைத் தொடவே வேண்டாம், அந்தத் தரத்தில் அணியே இல்லை.

செயல்கூறுக்குள் (பெயரிட்டு அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) டிக்ளேர் எழுதினால் மாறி அங்கேயே அடங்கிவிடும். வெளியேயும் வேண்டுமென்றால் 'ஜி' (-g) விருப்பம், பாஷ் 4.2 முதல்.