மலை ஏற முடியுது, ஆனா கால்சியம் ஸ்கோர் 286

ரெண்டு ரிப்போர்ட்டும் என்னோடதுதான், ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சா வேற வேற ஆளோடதுன்னு நினைப்பீங்க. டிரெட்மில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல (வேகத்தையும் ஏற்றத்தையும் படிப்படியா கூட்டி நடக்க விட்டு இதயத்தைப் பார்க்கறது) ஸ்டேஜ் 4 முடிச்சேன், ஈசிஜில ஒரு மாற்றமும் இல்ல, நார்மல்னு எழுதிட்டாங்க. சிடி ஸ்கேன்ல கரோனரி கால்சியம் ஸ்கோர் 286. வயசு 52, சிகரெட் கிடையாது, சுகர் கிடையாது, பொட்டானிக்கல் கார்டன்ல இருந்து ஜீப் டிராக் வழியா பினாங்கு ஹில் உச்சி வரைக்கும் நிக்காம ஏறுறவன் நான்.

பெரியம்மா போன் போட்டு முதல்ல கேட்டதே "என்னப்பா, எத்தனை பர்சன்ட் அடைப்பாம்?"னுதான். பாவம், பயந்துட்டாங்க. இந்த நம்பர் பர்சன்டே இல்ல. இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய் சுவர்ல படியிற கொழுப்பு வருஷக்கணக்குல இறுகி அதுல சுண்ணாம்பு சேரும், அது எவ்வளவு இடத்துல எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு கூட்டிப் போடுற கணக்கு இது. 0ன்னா ஸ்கேன்ல சுண்ணாம்பு தெரியல, 100 தாண்டினா மாத்திரை பத்தி பேச ஆரம்பிச்சிடுவாங்க, 400க்கு மேல ரொம்ப அதிகம்.

அப்போ டிரெட்மில் ஏன் நார்மல்னு சொல்லுச்சு? இதுதான் என்னை தூங்க விடல. டாக்டர் பேப்பர்ல ஒரு வட்டம் போட்டு காட்டினாரு. கொழுப்பு படிய படிய குழாய் முதல்ல வெளிப்பக்கமா வீங்கி இடம் குடுக்குமாம், உள்ள ரத்தம் போற வழி ரொம்ப நாளைக்கு அப்படியே இருக்கும், கிட்டத்தட்ட 70 பர்சன்ட் சுருங்கின பிறகுதான் டிரெட்மில்ல பெரும்பாலும் பிடிபடும். ஆனா ஹார்ட் அட்டாக் அதுக்காக காத்திருக்காது, பாதிகூட அடைக்காத ஒரு படிவு வெடிச்சு அது மேல ரத்தம் உறைஞ்சாலே போதும். அதனால ரெண்டு ரிப்போர்ட்டும் உண்மைதான். ஒண்ணு இன்னைக்கு ரத்தம் நல்லா போகுதான்னு பார்த்துச்சு, இன்னொண்ணு இத்தனை வருஷமா சுவர்ல என்ன சேர்ந்துச்சுன்னு பார்த்துச்சு. மூச்சு வாங்காம மலை ஏறுறது முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில், ரெண்டாவதுக்கு இல்லவே இல்ல, இதை நம்ம ஓட்டக்கார நண்பர்கள் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதுறேன்.

எக்சர்சைஸ் வீண்னு மட்டும் தயவுசெஞ்சு நினைச்சிடாதீங்க. வருஷக்கணக்கா மாரத்தான் ஓடுற ஆம்பளைங்களுக்கு கால்சியம் கூடுதலா இருக்கறதை ஆராய்ச்சிலயே பார்த்திருக்காங்க, ஆனா அதே ஸ்கோர் இருக்கற ரெண்டு பேர்ல உடம்பு ஃபிட்டா இருக்கறவருக்கு ஆபத்து குறைவுதான்.

என் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 4.1 (mmol/L கணக்குல) இருந்துச்சு, டாக்டர் 1.8க்கு கீழ கொண்டு வரணும்னு ஸ்டேட்டின்ங்கற கொழுப்பு குறைக்கற மாத்திரை எழுதிக் குடுத்தாரு, சாப்பிட ஆரம்பிச்சிட்டேன். ஸ்டேட்டின் எடுத்தா கால்சியம் ஸ்கோர் ஏறவும் செய்யலாம், ஏன்னா மெத்துன்னு இருக்கற படிவு இறுகுது, இறுகினது அவ்வளவு சுலபத்துல வெடிக்காது. அதனால மாத்திரை வேலை செய்யுதான்னு பார்க்க மறுபடி ஸ்கேன் வேண்டாம், ரத்த டெஸ்ட் போதும்.

இன்னொரு ரத்த டெஸ்ட்டும் எடுத்தாங்க, லிப்போபுரோட்டீன் ஏ, ரத்தத்துல கொழுப்பை சுமந்துட்டு போற ஒரு வகை துகள், அதிகமா இருந்தா இதயத்துக்கு ஆபத்து. அது பரம்பரையா வர்றது, ஓட்ஸ் சாப்பிட்டாலும் ஓடினாலும் பெருசா மாறாது, வாழ்க்கையில ஒரு தடவை பார்த்தாலே பெரும்பாலும் போதும். எனக்கு அதிகமா வந்திருக்கு. அப்பா நெஞ்சுவலியில போனவரு, நம்ம இந்தியர்களுக்கு இதய நோய் சின்ன வயசுலயே வர்றதும் தெரிஞ்ச விஷயம்தானே. கிள்ளான்ல இருக்கற தங்கச்சி "எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லிட்டு இருந்தா, நான் விடல, இந்த வாரம் அதே டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துட்டா. தம்பிக்குத்தான் இன்னும் போன் பண்ணிக்கிட்டே இருக்கேன்.