சுவர் நகர்ந்த கணக்கு

அக்டோபர் 7, 2024, திங்கள்

ஆனர்ஸுக்குப் பெயர் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மா இன்றுதான் விசாரித்தாள். "மத்த பிள்ளைங்க எல்லாம் நாலரைக்கு வீட்டுக்கு வந்துடுது. உனக்கு மட்டும் என்ன அப்படி ஒரு படிப்பு?"

சொன்னேன். எல்லோருக்கும் உள்ள பி.இ. பாடங்களோடு, அதே துறையில் ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு கூடுதலாக 18 கிரெடிட் படிக்க வேண்டும். எனக்கு அது ஆறு பாடம். எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரியான சிஜிபிஏ, பத்துக்கு 7.5க்குக் கீழே போகக் கூடாது. எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே பாஸ் செய்ய வேண்டும். ஒரே ஒரு அரியர் விழுந்தாலும் போச்சு.

"அதுக்கு என்ன தருவாங்க?"

"டிகிரியில பி.இ.க்குப் பக்கத்துல ஆனர்ஸ்னு போடுவாங்க."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

அக்டோபர் 19, சனி

மொட்டை மாடிச் சுவர் நகர்கிறது.

பெண்ணையாற்றுப் பாலத்தில் மாட்டி நீர்மட்டம் சொல்லும் கருவி ஒன்று செய்கிறோம், நானும் புவனாவும். அல்ட்ராசோனிக் சென்சார் ஒலியை அனுப்பும்; அது மோதித் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால் தூரம் வந்துவிடும். கடைத்தெருவில் நூறு ரூபாய் சமாசாரம். பாலத்துக்குப் போகும் முன் மாடியில் ஒரு ஸ்டூல்மேல் வைத்து, எதிர்ச் சுவர் சரியாக 200 செ.மீ. இருக்கும்படி அப்பாவின் டேப்பால் அளந்து வைத்தேன். நேற்று இரவு 198 காட்டியது. இன்று மதியம் இரண்டு மணிக்கு 194. மறுபடி டேப்பை இழுத்தால் அதே 200.

ஸ்டூலை யாரோ நகர்த்தியிருப்பார்கள் என்று வீட்டில் எல்லோர்மீதும் பாய்ந்தேன். வடகம் காயப்போட வந்த அம்மாவுக்குத்தான் அதிகம் விழுந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

அம்மாமேல் தப்பில்லை. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று நிரலில் எழுதி வைத்திருந்தேன். அது 20 டிகிரிக்கு உள்ள கணக்கு. கடலூரில் 20 டிகிரியை யார் கண்டது? ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். மதியம் மாடியில் 36 டிகிரி. ஒலி 353 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்பிவிடுகிறது. என் நிரலோ சுவர் கிட்டே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. ஆற்றில் மாட்டியிருந்தால் தினமும் மதியம் தண்ணீர் ஏறுவதாகவும் ராத்திரி வடிவதாகவும் சொல்லியிருக்கும்.

வெப்பநிலை சென்சார் ஒன்றைச் சேர்த்து, 331.3 + 0.606 × டிகிரி என்று ஒரு வரி மாற்றினேன். மதியம் 200, இரவு 199. ஒலியின் வேகத்தை ப்ளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கியவள் நான்.

நவம்பர் 9, சனி

எதிர்வீட்டு ரிட்டயர்டு இயற்பியல் வாத்தியாரிடம் சுவர் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனர்ஸ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "சந்திரசேகர் தெரியுமா? நோபல் வாங்கினாரே. 1930ல நம்ம மாநிலக் கல்லூரியில பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடிச்சவர்மா." அப்புறம் அந்தக் காலத்து ஆனர்ஸ் எம்.ஏ.வுக்குச் சமம் என்று ஒரு மணி நேரம். காபி வந்ததால் தப்பித்தேன்.

மின்காந்தப் புலங்கள் பாடத்தில் இன்டர்னல் மார்க் மோசம். எனக்குக் கண்டம் இந்தப் பாடத்தில்தான்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். கல்லூரிக்கு விடுமுறை. காற்று ஓலமிடுகிறது. சென்சாரை மழை படாமல் மாடிப்படி ஷெட்டுக்குள் வைத்து, கீழே வாளியைப் பார்த்தபடி ஓடவிட்டிருக்கிறேன். அம்மா 2011ல் வந்த ‘தானே’ புயலை நினைத்துக்கொண்டு மெழுகுவத்தி எண்ணுகிறாள்.

டிசம்பர் 4, புதன்

புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிப் போனது. சரி, முடிந்தது என்றிருந்தோம். அதற்கப்புறம்தான் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்தது. நாணமேட்டில் பெரியம்மா வீட்டுக்குள் இடுப்பளவு. சைக்கிள், அரிசி மூட்டை, அக்காவின் கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. பெரியப்பா போனில் கேட்டார்: "நீ ஆத்துக்கு ஏதோ மிஷின் செய்றியே பாப்பா, அது ஒண்ணும் சொல்லலையா?"

அது இன்னும் பாலத்துக்கே போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

டிசம்பர் 11, புதன்

ப்ராஜெக்ட் ரிவ்யூ. சுவர் கதை, வெப்பநிலைத் திருத்தம், வரைபடம் எல்லாம் காட்டினோம். மேடம் தலையாட்டினார். "புயலன்னிக்கு ஓடுச்சா?" என்று கேட்டார்.

பதிவைத் திறந்து காட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. கடைசி வரி நவம்பர் 30, இரவு 8.40, 24 டிகிரி, 61 செ.மீ. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கரண்ட் போனதும் வீட்டு வைஃபை ரௌட்டர் போனது, ரௌட்டரோடு எங்கள் கருவியும் போனது.

"பாலத்துல ரௌட்டர் ஏது?" என்றார் மேடம்.

புவனா என்னைப் பார்த்தாள், நான் புவனாவைப் பார்த்தேன். மதியமே போய் ஒரு பேட்டரியும் மெமரி கார்டு மாட்டும் போர்டும் வாங்கினோம், 280 ரூபாய். செல்போன் டவரும் அன்றைக்குப் படுத்துவிட்டதே, தகவலை எப்படி வெளியே அனுப்புவது என்று பஸ்ஸில் ஆரம்பித்த சண்டை இறங்கும்வரை ஓயவில்லை. புலங்கள் பரீட்சைக்கு இன்னும் இரண்டு யூனிட் பாக்கி.